பச்சை மைக் கையெழுத்து

மூன்று முறை சட்டமன்றத்துக்குப் போய் வந்தவரை ஊரில் பேனாக்காரர் என்பார்கள். கேட்டவருக்கெல்லாம் சிபாரிசுக் கடிதம் கொடுப்பார். இல்லை என்ற சொல்லே அவர் வாயில் வராது. அதற்குத்தான் சட்டைப் பையில் இரண்டு பேனா. பச்சை மையில் கையெழுத்து இருந்தால் வேலையை முடி. நீல மை என்றால் வாங்கி ஓரமாக வை. கட்சித் தலைவர் முதல் தேர்தலிலேயே சொல்லிக்கொடுத்த வித்தை. இங்கே அதிகாரிகளையும், அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மச்சினனையும் தவிர ஒருவருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அன்று தையல்கடைக்காரி கடிதத்தைத் திருப்பி நீட்டினாள். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. பச்சையில போட்டுக் குடுங்க."

அவர் சிரித்தபடியே பச்சையில் போட்டு அனுப்பிவிட்டு மச்சினனைப் பார்த்தார். அவன் தலை நிமிராமல் கோப்புக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவனுக்கு ஒன்றும் குறுகுறுத்ததாகத் தெரியவில்லை. அதுவே பெரிய சந்தேகமாகப் போயிற்று.

"யார்கிட்டயாவது வாயை விட்டியா?"

"எதை மாமா?"

"எதைன்னு கேக்குற பாரு."

அதிலிருந்து அவன் போனை எடுத்தால் இவர் காது நீளும். தேர்தல் வேறு நெருங்குகிறது. நாலாவது தடவை சீட்டு கிடைக்காவிட்டால் வாசலில் ஒரு செருப்புகூடக் கிடக்காது. ஒரு நாள் மச்சினனை வெளியே அனுப்பிவிட்டு, அதிகாரிகளை ஒவ்வொருவராகப் போனில் பிடித்து மையை மாற்றினார். இனி நீலம்தான் வேலை. பச்சை வெறும் பேச்சு.

பத்து நாள் நிம்மதியாகப் போனது. பிறகு மனைவி வந்து நின்றாள்.

"தம்பி இன்னும் எத்தனை வருஷம் உங்க பையைத் தூக்குவான்? அவனும் எங்கயாவது நிக்கட்டுமே. தலைவருக்கு ஒரு கடுதாசி எழுதுங்க."

இவன் சாயம் வெளுத்துவிட்டது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார். தகுதியானவர், வாய்ப்பளிக்க வேண்டுகிறேன் என்று தாராளமாக எழுதி, மச்சினன் கண்ணெதிரே பச்சைப் பேனாவைத் திறந்து அழுத்திக் கையெழுத்துப் போட்டார். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்களைத் தப்பா நெனச்சிருந்தேன் மாமா."

அடுத்த வாரம் வேட்பாளர் பட்டியல் வந்தது. இவருடைய தொகுதிக்கு நேரே மச்சினன் பெயர். உடனே தலைவருக்குப் போன் போட்டார்.

"தலைவரே, என் தொகுதி..."

"வேற எதுவும் காலியில்லையே. நீலத்துல வந்திருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன். பச்சையில இல்ல போட்டிருந்தீங்க? நீங்களே விட்டுக்குடுக்குறீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன். பெரிய மனசு உங்களுக்கு."

மை மாறியதைத் தலைவருக்குச் சொல்ல அவர் மறந்தே போயிருந்தார்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் தையல்கடைக்காரி. ஆத்திரத்தோடு கேட்டார்: "அன்னைக்குப் பச்சைன்னு உனக்கு யாரு சொன்னது? என் மச்சினன்தானே?"

"யாரு சொல்லணும் ஐயா? எங்க தெருவுல மட்டும் பதினாலு பேர் உங்ககிட்ட கடுதாசி வாங்கியிருக்கோம். நீலம் ஒண்ணுகூட நடக்கல."

அவள் கையில் இருந்த புது மனுவை இவரிடம் நீட்டவில்லை.

"புது ஐயா உள்ள இருக்காருங்களா?" என்றாள்.