பதினேழேகால் இஞ்ச்

சங்கரேஸ்வரியிடம் ஒரு பழக்கம் உண்டு. ஜாக்கெட் தைக்க வருகிறவர்கள் அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுவந்தால், வாங்கி ஓரமாக வைத்துவிடுவாள். அளவு ஜாக்கெட் கொண்டுவந்தாலும் அதே கதைதான். "இது போன வருசத்து உடம்பு. நேரா நில்லு, கையத் தூக்கு" என்று கழுத்தில் கிடக்கும் இஞ்ச் டேப்பை உருவிவிடுவாள். தென்காசியில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறாள். அடுத்தவர் சொன்ன அளவை நம்பி ஒரு நாளும் துணியில் கத்திரி வைத்ததில்லை. அதே பழக்கத்தைக் காரிடம் கொண்டுபோனதில்தான் வந்தது வினை.

கார் புதிதல்ல. போன தை மாதம் வாசுதேவநல்லூர் வாத்தியார் ஒருவரிடம் வாங்கியது. வெள்ளை நிறம், பளபளவென்று அலாய் வீல். வாத்தியாரின் மகன் ஆசைப்பட்டு மாட்டியதாம். அவளுக்கு வீலைப் பற்றி என்ன கவலை? அவள் வாங்கியதே ஒரே ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போகத்தான். அந்த ஆளோ ஆறு மாதமாக அந்தக் காரில் ஏறவில்லை.

அவள் புருஷன் பால்வண்ணநாதன் இருபத்தைந்து வருடம் செங்கோட்டை மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போய்விட்டன. ஊன்றுகம்பு வைத்து நடப்பார், தானே சாப்பிடுவார், தானே குளிப்பார். ஆனால் வாசல் கேட்டைத் தாண்ட மாட்டார். "இன்னொருத்தன் ஓட்ட, நான் அரிசி மூட கணக்கா உக்காந்து போவணுமாக்கும்" என்று ஒருமுறை சொன்னார். அதைக் கேட்டுத்தான் அவள் நாற்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் படித்தாள். இன்னொருத்தன் ஓட்டினால்தானே கஷ்டம், நான் ஓட்டினால் ஏறுவார் என்று ஒரு நம்பிக்கை. அவர் ஏறவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவள் காரை எடுப்பதையும் விடுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அவள், "ஏங்க, மேட்டுல நிப்பாட்டி எடுத்தா வண்டி பின்னால உருளுதே, என்ன செய்ய?" என்று கேட்டுவிட்டாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி வைத்த தோசை அப்படியே இருந்தது. அதோடு கார்ப் பேச்சை அவரிடம் எடுப்பதை விட்டுவிட்டாள்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை இலஞ்சி ரோட்டில் அவள் பிரேக்கை மிதிக்க, வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், ஒரு பலாப்பழ வண்டிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. வீட்டுக்கு வந்து காபி போடும்போது டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தாள். டம்ளர் விழுந்த சத்தத்திலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஜன்னல் வழியே காரின் டயர்களைப் பார்த்தார்.

"டயரு மொட்டையாப் போச்சு. நாலையும் மாத்திரு."

"சரி."

"மாத்திட்டேன்னா, ஞாயித்துக்கிழம குத்தாலத்துக்கு நானும் வாரேன்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அந்த வார்த்தையை அவர் திரும்ப எடுத்துக்கொள்வாரோ என்று பயம். இரண்டு வருடத்துக்கு முன்புவரை, சீசன் தொடங்கினால் ஐந்தருவியில் தலை நனைக்காமல் இருக்க மாட்டார் மனுஷன்.

என்ன டயர் என்று அவரிடமே கேட்டிருக்கலாம். மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டால்? மறுநாள் காலையில் இஞ்ச் டேப்போடு காரண்டை குத்தவைத்தாள். டயரின் பக்கவாட்டில் என்னென்னவோ எண்கள் பொறித்திருந்தன. பழைய ஆள் கொடுத்த துண்டுச் சீட்டு என்று அதை ஒதுக்கிவிட்டு, வீலின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு டேப்பைப் பிடித்தாள். பதினேழேகால். கால் இஞ்ச் லூசுக்கு விட்டிருப்பான் என்று முடிவுகட்டி, குற்றாலம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் முகம்மது இஸ்மாயிலுக்குப் போன் போட்டாள். அவர் லாரிக் காலத்திலிருந்தே பால்வண்ணநாதனுக்குப் பழக்கம்.

"பதினேழா? மதினி, இந்த வண்டிக்குக் கம்பெனில பதினஞ்சுல்லா வரும்?"

"இது அலாய் வீலு பாய். என் கையால அளந்தேன். பதினேழுதான்."

அவள் டேப்போடு யார் வாதாடுவது? பாயின் வீட்டு ஜாக்கெட்டுகள் எல்லாம் அவள் தைத்தவை. திருநெல்வேலியில் சொல்லி நான்கு டயர் வரவழைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கடைக்குப் போனாள். முன்வீலைக் கழற்றி, பழைய டயரை உருவி எடுத்தார் பாய். புது டயரைத் தூக்கி வீலின்மேல் வைத்தார். அது எங்கேயும் பிடிக்காமல் தொளதொளவென்று கீழே இறங்கி உட்கார்ந்தது.

பாய் இடுப்பில் கைவைத்தார். "மதினி, ஆறு வயசுப் பிள்ளைக்கு அதோட அம்ம ஜாக்கெட்டப் போட்டது கணக்கா இருக்கு."

"டயரத் தப்பா அனுப்பிட்டானா?"

"டயரு சரியாத்தான் வந்துருக்கு. இங்கன பாருங்க." வீலின் உட்புறத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். அச்சு வார்த்ததுபோல் 16 என்று இருந்தது. "நீங்க வெளி விளிம்ப அளந்திருக்கிய. டயரு போயி உக்காருதது உள்ள, இந்தப் பள்ளத்துல. அங்கன அளந்தாத்தான் ரிம் அளவு."

அவள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். விளிம்பு தனியாக உயர்ந்து நின்றது. தையல் பிடிப்புக்கு விட்ட துணியையும் சேர்த்து உடம்பு அளவென்று எழுதினால் எப்படி இருக்கும், அப்படித்தான் செய்திருக்கிறாள். முகம் சூடாகிவிட்டது. கழுத்து டேப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"மாட்டாத டயருதான், திருப்பி எடுத்துக்கிடுவான். விடுங்க" என்றார் பாய்.

"அப்பம் இந்தப் பழைய டயருல உள்ளதயே போட்டுருங்க. அதயாவது நம்புதேன்."

பழைய டயரில் 205/60, ரிம் 16 என்றிருந்தது. பாய் உடனே தலையாட்டவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவுத் தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். கம்பெனிக்காரன் சொல்லியிருந்தது 185/65, ரிம் 15.

"மொத நம்பரு டயரு அகலம். ரெண்டாவது, அந்த அகலத்துல நூத்துக்கு எத்தன பங்கு ரப்பரோட உசரம்னு சொல்லுதது. ரிம்மு ஒரு இஞ்ச் வளந்துட்டுன்னா ரப்பரு கொறையணும். அப்பத்தான் மொத்த உசரம் கம்பெனி உசரத்துல நிக்கும். அந்த வாத்தியாரு மவன் ரெண்டையும் வளத்து வச்சிருக்கான்."

"சேலையில பார்டரு பெருசானா உடம்புல கொறைக்கணும். மொத்த அகலம் மாறக்கூடாது" என்றாள் அவள்.

"அதேதான். நீங்க இத மொதல்லயே கேட்டிருக்கலாம். 195/55, ரிம் 16 போட்டா உசரம் அச்சுப் பிசகாது. ஆனா ஒண்ணு, இந்தப் பெரிய டயரு திருப்பத்துல எங்கயாவது உரசுதா? உரசுச்சுன்னா இந்த டயரு பெருசுதான், சந்தேகமே இல்ல."

அவள் யோசித்தாள். ஓட்டும்போது அவளுக்கு மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டதுபோல் இருக்கும். ரோட்டைப் பார்ப்பாளா, சத்தத்தைக் கேட்பாளா? "தெரியலயே பாய்."

சொல்லிவிட்டு நின்றாள். தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார். போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். நாளைக்கு வருவதையே வேண்டாமென்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? தப்பான டயரோடு அவரை ஏற்றிக்கொண்டு போவதைவிட அது பரவாயில்லை என்று தோன்றியது.

"ஏங்க, நான் டயரு அளவத் தப்பா எடுத்துட்டேன்" என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "நம்ம வண்டி திருப்பத்துல உரசுதான்னு பாய் கேக்காரு. எனக்குத் தெரியல."

அந்தப் பக்கம் ஜன்னலோர நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"உரசுது" என்றார். "வாசக் கேட்டுல வலது பக்கம் ஒடிக்கும்போது தெனமும் கர்ருன்னு கேக்கும். வாங்கின அன்னைக்கே கேட்டுட்டேன்."

"பெறவு ஏன் சொல்லல?"

"நீயே பயந்து பயந்து ஓட்டுத. இதுல நான் வேற கொற சொல்லுதேன்னு நெனப்பியேன்னுதான்."

"நீங்க சொவரப் பாத்துத் திரும்பிக்கிடுவியளேன்னு நானும் கேக்கல."

"பாய்ட்ட குடு" என்றார். பாய் வாங்கி, "ஆமா அண்ணாச்சி... அம்பத்தஞ்சுதான்... ஸ்டிக்கர்ல டயரு தாங்குத லோடு நம்பரு எம்பத்தெட்டு, நம்மட்ட இருக்கதுல தொண்ணூத்தொண்ணு... கொறையாது, கொறையாது" என்று பேசிவிட்டு, "மாட்டிட்டு ஆள ஏத்தி, முழுசா ஒடிச்சுப் பாக்கணுங்காரு" என்று போனை நீட்டினார்.

"வெயிட்டு ஏறுனாத்தான் உரசாம நிக்குதான்னு முழுசாத் தெரியும்" என்றார் பால்வண்ணநாதன்.

"பாய ஏத்திக்கிடுதேன்."

"அவருக்கு டயரு தெரியும். இந்தச் சத்தம் தெரியாது. மாடன் ஆட்டோ தெருமொனையில நிக்கான்னு பாக்கேன்."

டயர்கள் நான்கும் ஏறி, காற்றுப் பிடித்து, பேலன்சிங் முடிவதற்குள் ஆட்டோ வந்து நின்றது. வெளுத்த சட்டை போட்டு, தலையை வாரி, ஊன்றுகம்போடு பால்வண்ணநாதன் இறங்கினார். பாய் ஓடிவந்து கையைப் பிடிக்கப் போனவர், ஏதோ நினைத்து நிறுத்திக்கொண்டு கார்க் கதவை மட்டும் திறந்துவிட்டார். அவர் தானாகவே பின்சீட்டில் ஏறினார். அதற்குக் கொஞ்சநேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"ஏலே மாடா, நீயும் ஏறு. ஒன்ன மாதிரி மூட வேணும்" என்றார். மாடன் சிரித்துக்கொண்டே பக்கத்தில் ஏற, பாய் முன்னால் ஏறினார். கடைக்கு எதிரே இருந்த காலி மனையில் அவள் வண்டியை இறக்கி, இடது பக்கம் முழுக்க ஒடித்தாள். பிறகு வலது பக்கம். மேட்டில் ஏற்றி இறக்கினாள். பின்னால் அவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பது கண்ணாடியில் தெரிந்தது.

"ஒண்ணும் கேக்கல" என்றார். "மேட்டுல கிளட்ச மொள்ள விடு. கொஞ்சம் அதிருத எடத்துல நிறுத்திக்கோ, பின்னால உருளாது."

மேட்டில் உருளுவதைப் பற்றி அன்றைக்குக் கேட்ட கேள்விக்கு இன்றைக்குப் பதில் வந்திருக்கிறது.

பாயையும் மாடனையும் கடை வாசலில் இறக்கிவிட்டாள். அவர் பின்சீட்டிலிருந்து இறங்கி முன்சீட்டுக்கு மாறி உட்கார்ந்தார். வண்டியை ரோட்டோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். இடது பக்கம் திரும்பினால் வீடு. அவள் இடது பக்கத்துக்குச் சிக்னல் போட்டாள்.

"வலது பக்கந்தான் உரசும்" என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "ஓடுத ஓட்டத்துல இன்னொருக்க ஒடிச்சுப் பாத்துக்கிடுவோம்."

வலது பக்கம் போனால் குற்றாலம். மேற்கே மலையை மூடிக்கொண்டு மேகம் இறங்கியிருந்தது. கண்ணாடியில் சாரல் விழ, அவள் வைப்பரைப் போட்டாள்.

"நாளைக்குத்தான போவோம்னு சொன்னிய? துண்டு கூட எடுத்தாரல."

"ஒன் பையில என்ன இருக்கு?"

அவள் யோசித்தாள். இஞ்ச் டேப்புக்குக் கீழே, இரண்டு மீட்டர் லைனிங் துணி இருந்தது. யாரோ ஒருத்தியின் கல்யாண ஜாக்கெட்டுக்கு வாங்கியது. போனால் போகிறது, வேறு வாங்கிக்கொள்ளலாம். சிக்னலை மாற்றிப் போட்டு, வலது பக்கம் ஒடித்தாள். இருவருமே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். வைப்பர் ஓடுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது.