முனியாண்டி திரும்பிய திசை

முனியாண்டி சாமி தானாகத் திரும்பியது 1967ஆம் ஆண்டு. இலங்கையில் தலவாக்கலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும். அதுவரை கொழுந்து நிறுக்கும் மடுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இடுப்புயரக் கருங்கல், தோட்டமே டவுனுக்குப் படம் பார்க்கப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூக்குப் போன்ற புடைப்போடும் வெள்ளிக் கண்மலரோடும் கால்வட்டம் திரும்பி, தொழிலாளி ஆண்டியப்பனின் லய வீட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

ஆண்டியப்பனின் குடி தாங்காமல் உடப்புசல்லாவைக்குத் தாய்வீடு போயிருந்த அவன் மனைவி அம்மாக்கண்ணு, செய்தி கேட்டு அடுத்த வாரமே பெட்டியோடு வந்து இறங்கினாள்.

"சாமியே ஒங்க பக்கம் திரும்பிருச்சு. நான் என்ன சாமியவிடப் பெரியவளா?" என்றாள்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஆண்டியப்பன் அன்றிலிருந்து பூசாரியானான். குடியையும் விட்டான். நடந்ததில் அற்புதம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

கல்லைத் திருப்பியது யாரென்று உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் ஆண்டியப்பன். மற்றவன் லயத்தின் அடுத்த காம்பிராவில், ஒரு சுவருக்கு அப்பால் இருக்கும் மரியநாயகம். அவன் வேதக்காரன். "மாதா சுரூபம்னா தொடமாட்டேன். ஒங்க சாமிதானே, எனக்கென்ன" என்று சொல்லித்தான் அலவாங்குக் கடப்பாரையைப் போட்டு நெம்பினான். பாவசங்கீர்த்தனத்தில்கூட அவன் இதைச் சொன்னதில்லை. பத்துக் கட்டளைகளில் இது எதற்குள் வரும் என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

பதினான்கு வருடம் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. 1981இல் அமிர்தநாதன் வந்து சேர்ந்தார். ஹட்டன் வாத்தியார் ஒருவரின் மகன். பல்கலைக்கழகத்தில் பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். இறம்பொடையிலிருந்து ஆறு, ஓடை என்று தேடித்தேடி ஒரே வகைக் கருங்கல்லைத் துளை போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். முனியாண்டியைக் கண்டதும் அவர் கண்ணில் பக்தர்களுக்கே வராத பரவசம் வந்தது.

"விரல் தடிப்புல நாலு துண்டு போதும், பூசாரி. ஆனா இந்தக் கல்லை யாராவது அசைச்சிருக்காங்களா?"

சுற்றிலும் இருபது பேர் நின்றார்கள். அம்மாக்கண்ணுவும் நின்றாள். ஆண்டியப்பன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"பூமிக்குள்ள வேர் விட்ட கல்லு சேர் இது. மனுசன் கை பட்டதில்ல."

பூக்கட்டிப் பார்த்ததில் சாமி சம்மதித்தது. அமிர்தநாதன் திசைகாட்டியை வைத்து, ஒவ்வொரு துண்டிலும் வடக்குக்கு ஓர் அம்புக்குறி போட்டு எடுத்துப் போனார். சாமியின் விலாவில் விழுந்த நான்கு துளைகளை அடுத்த வெள்ளிக்கிழமையே ஊதுபத்தி குத்த எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவு வசதி அதற்குமுன் இருந்ததில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தார். அம்மாக்கண்ணு தேத்தண்ணி கொடுத்தாள்.

"இந்தக் கல்லு ஒரு காலத்துல நெருப்புக் குழம்பா இருந்துச்சு. பூமி வெடிப்புல ஏறி வந்து ஆறிப்போச்சு. ஆறும்போது உள்ள இருக்கிற இரும்புத்தூள் அன்னைக்கு வடக்கு எங்கயோ அந்தப் பக்கம் பாத்து நின்னுரும். அப்புறம் கோடிக்கணக்கான வருசம் போனாலும் மாறாது. அதை வச்சுத்தான் இந்த நாடு முந்தி எங்க இருந்துச்சு, இந்தியாவோட எப்பிடி ஒட்டியிருந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறோம். மத்த எல்லாக் கல்லும் ஒரே பக்கம் பாக்குது. ஒங்க கல்லு மட்டும் கால்வட்டம் திரும்பியிருக்கு!"

"நான் சொல்லல?" என்று அம்மாக்கண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மிசினே சொல்லிருச்சு!"

"கல்லு இல்லக்கா, இந்த மலையே திரும்பியிருக்கு. பிஞ்சு, தனியாச் சுத்தியிருக்கு. இதுவரைக்கும் யாரும் சொல்லாத விசயம். அடுத்த மாசம் வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளுங்க முன்னாடி இதைத்தான் பேசப்போறேன்."

ஆண்டியப்பன் சாமி பேரில் பொய் சொன்னது ஒரு பக்கம். சாமி அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் தன் ஒரு பொய்யால் ஒரு முழு மலை சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைச் சுமந்துகொண்டு இந்தப் பிள்ளை சீமைக்குப் போய் நின்று அவமானப்படப் போகிறது. சொன்னால் அம்மாக்கண்ணு போய்விடுவாள். ஆனாலும் சொன்னான்.

"மலை திரும்பல சேர். நானும் மரியநாயகமும்தான் அலவாங்கு போட்டுத் திருப்புனோம்."

அமிர்தநாதன் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தார். தலையைப் பிடித்துக்கொண்டவர், பிறகு சிரிக்கத் தொடங்கினார். "நல்லவேளை, இங்கயே சொன்னீங்க" என்றார்.

அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை.

"எதுக்குத் திருப்புனீங்க?"

"நீ வரணும்னுதான். வேற வழி தெரியல."

"பதினாலு வருசமா வெள்ளிக்கிழமையில கருவாட்டக் கண்ணால பாக்கல நான்."

அவள் உள்ளே போனாள். ட்ரங்குப் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. ஆண்டியப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே வந்தவளின் கையில் பெட்டி இல்லை. பெட்டிக்குப் பின்னால் கிடந்த அலவாங்கு இருந்தது. அதை அவன் காலடியில் டங்கென்று போட்டாள்.

"மரியநாயகம் அண்ணனக் கூப்பிடுங்க."

மரியநாயகம் வந்து அலவாங்கைப் பார்த்தான். "மறுபடியுமா?" என்றான்.

அன்றும் தோட்டம் படம் பார்க்கப் போயிருந்தது. இருவரும் நெம்ப, அம்மாக்கண்ணு சேலையைச் செருகிக்கொண்டு தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஊதுபத்திச் சாம்பல் உதிர, முனியாண்டி முனகிக்கொண்டே கால்வட்டம் திரும்பி, பழையபடி கொழுந்து மடுவத்தைப் பார்த்தார். அமிர்தநாதன் திசைகாட்டியை வைத்துப் பார்த்தார்.

"அசைச்ச கல்லு இனி என் ஆராய்ச்சிக்கு ஒதவாது. ஆனா இப்ப மத்த கல்லெல்லாம் பாக்கிற பக்கந்தான் பாக்குது. அது சரி, படம் விட்டு வர்ற சனத்துக்கு என்னக்கா சொல்லப்போறீங்க?"

அம்மாக்கண்ணு முந்தானையால் சாமியின் மூக்கைத் துடைத்தாள்.

"உள்ளதத்தான் சொல்லணும். என்னையக் கூட்டியாரத் திரும்புச்சு. நான்தான் வந்துட்டேன்ல, போகவும் மாட்டேன். அதுக்கு இனி இங்க என்ன வேல? அதான் திரும்பிக்கிருச்சு."