ஏழாம் ரூம் வேம்பு

இசக்கிப்பாண்டி அந்த வேம்பை நிழலுக்காக வைக்கவில்லை. பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூம் வெடித்தால் அடுத்த ரூமுக்குத் தீ தாவக் கூடாது, நடுவில் மரம் நிற்கட்டும் என்று முதலாளி சொன்னார். ஏழாம் ரூமுக்கும் எட்டாம் ரூமுக்கும் இடையே கரிசலில் கன்றை ஊன்றி, இரண்டு கோடை மட்டும் குடம் சுமந்தார். அப்புறம் அது யாரிடமும் ஒரு சொட்டுக் கேட்டதில்லை. பதினாலு வருஷத்தில் இரண்டு ரூமுக்கும் மேலே குடையாக விரிந்துவிட்டது.

வினை அங்கேதான் வந்தது.

மே மாதம். ஆர்டர் கழுத்தை நெரித்தது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. போர்மேன் புகழேந்தி மிச்சம் ஏழு பேரை வேம்படியில் சாக்கு விரித்து உட்காரவைத்து, வெடிக்கு மருந்து அடைக்கச் சொன்னான். அதில் ஒருத்தி இசக்கிப்பாண்டியின் மகள் பொன்னுத்தங்கம்.

மரத்தடியில் என்னென்ன விழும் என்று அவருக்குத் தெரியும். காய்ந்த குச்சி விழும். காக்கை எலும்பைப் போடும். காற்று மண்ணை வாரி மருந்தில் கொட்டும், அதில் ஒரு பொடிக்கல் உரசினால் போதும். பதினொரு மணிக்கு மேல் இலை இடுக்கில் இறங்கும் வெயில் வட்டம் ஒன்று மெல்ல ஊர்ந்து மகளின் மருந்துத் தட்டில் வந்து நிற்கும். அது தாண்டிப் போகிறவரைக்கும் அவருக்குப் பாதி மூச்சுதான்.

“ஏளா, உள்ள போயி உக்காரு.”

“உள்ள தோசைக்கல்லு மாதிரி கொதிக்குதுய்யா. இங்கன காத்தாவது வருது.”

“அந்தக் காத்துதாம்ளா எனக்குப் பயம்.”

புகழேந்தி சிரித்தான். “என்ன பெரியவரே, நீங்க வச்ச மரத்துல நாலு பேரு ஒதுங்கினா பொறுக்கலையாக்கும்?”

“ஒதுங்கட்டும் தம்பி. மருந்தைக் கொண்டாந்து வைக்காதீக.”

“அப்ப ஆர்டரை நீங்க முடிச்சுக் குடுங்க.”

பெண்கள் சிரித்தார்கள். பொன்னுத்தங்கமும் சிரித்தாள்.

வெடித்த பிறகு வருகிற அதிகாரிகளை அவர் நம்பவில்லை. வெடிக்கும் முன்னால் வருகிறவர்களையும் நம்பவில்லை. அவர்கள் வரும் சேதி முந்தின நாளே வந்துவிடும், சாக்குகள் சுருண்டுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி அடைப்பு. கேட்டுச் சாவி காவல்காரரான அவரிடம்தான். நிழல் இல்லாவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள் என்று, கொப்பை வெட்ட அரிவாளோடு வந்தவர் வேம்படியில் அப்படியே நின்றுவிட்டார். தரை சாம்பலாய் மினுங்கியது. வாரம் முழுக்கச் சிந்திய மருந்து. கொப்பு விழுகிற வேகத்தில் தரை உரசினாலே பற்றிக்கொள்ளும்.

அரிவாளைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து தொட்டித் தண்ணீரைச் சுமந்தார். நாற்பது குடம். பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த மரத்துக்கு அவர் ஊற்றிய தண்ணீர் அதுதான். தரை சேறான பிறகே அரிவாளை எடுத்துவந்து ஏறினார். ஒவ்வொரு கொப்பு விழும்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். பொழுது சாய்கையில் மொட்டைத் தூரும் நாலு கவையும்தான் மிச்சம்.

திங்கட்கிழமை புகழேந்தி மரத்தைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். திட்டவில்லை.

“எல்லாரும் ஏழாம் ரூமுக்குள்ள போங்கம்மா. பெரியவரு ஆசைப்பட்டாருல்ல.”

நாலு பேர் ரூமில் பதினோரு பேர். முழங்காலோடு முழங்கால் இடித்தது. முதலில் நுழைந்த பொன்னுத்தங்கம் எதிர்ச்சுவரோடு ஒண்டிக்கிடந்தாள். அவளுக்கும் வாசலுக்கும் நடுவே பத்துப் பேர், பத்துத் தட்டு மருந்து. அடைத்து முடித்த வெடிப் பெட்டிகளை வைக்க இடமில்லாமல் வாசலிலேயே அடுக்கியிருந்தார்கள்.

இசக்கிப்பாண்டி வாசலில் நின்று கூப்பிட்டார். “எந்திரிச்சு வெளிய வா, தாயி.”

“வந்து?” கையை நிறுத்தாமல் கேட்டாள். “எங்கன உக்காரச் சொல்லுறீக?”

அவர் திரும்பிப் பார்த்தார். வெட்டவெளி. கண் கூசியது.

“வாசலை மறைக்காதீகய்யா. காத்து வரலை.”

தள்ளி நின்றார். பிறகு குனிந்து, வாசலை அடைத்திருந்த பெட்டிகளில் மேலே இருந்ததை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தார்.

“அதை ஏன் தொடுறீக?” என்றான் புகழேந்தி.

மகள் ஓடிவர ஒரு ஆள் அகலம் வழி வேண்டும். பெட்டியை மண்ணில் உரசாமல் வெளியே இறக்கிவிட்டு, அடுத்ததற்குக் குனிந்தார்.