சுடலைமணி போட்ட சுக்குக் கட்டன்

உடும்பஞ்சோலை ஏலக்காட்டில் சுடலைமணி பால் விடாமல் போடும் சுக்குக் கட்டன் சாயாவுக்கு ஒரே வாரத்தில் பெரிய பேர் வந்துவிட்டது. பேர் வாங்கிக் கொடுத்தவள் அவன் பெண்டாட்டி ராமுத்தாய். அந்தப் பேரைக் கேட்டாலே, ஜீப் ஓட்டிப் பிழைக்கிற சுடலைமணி பேச்சை மாற்றினான்.

ராமுத்தாய்க்கு இரண்டு முழங்காலும் தேய்மானம். முப்பது வருஷம் ஏலச்செடி அடியில் குத்தவைத்துக் காய் எடுத்த கால்களாயிற்றே! தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து ஜீப் நிற்கிற இடத்துக்கு இறங்குவதற்குள் நாலு தடவை உட்கார்ந்துவிடுவாள். ஓணம் கழிந்தும் இப்படியே இருந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகாத ராமுத்தாயா? காட்டில் கேட்கிற சிரிப்பில் பாதி அவளுடையது.

டாக்டர் ஜோமோள் மலையாளம் கலந்த தமிழில் ஒரு வழி சொன்னார். அவள் ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து, மெஷினில் சுற்றி, தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரை மட்டும் பிரித்து முட்டிக்குள் ஊசியாகப் போடுவது.

"தேஞ்சது திரும்ப வளராதும்மா. வேதனை குறையலாம். எல்லாருக்கும் குறையும்னு பறையமாட்டேன். பத்து நாள் முன்னாடியே வலி மாத்திரையை நிறுத்தணும், கேட்டோ. இல்லேன்னா ஊசி வேலை செய்யாமப் போகும்."

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாளே ராமுத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு பிரசவத்திலும் அவனைத் திட்டினாளே தவிர அழுதவள் இல்லை. சுடலைமணிக்கு மனசு கேட்கவில்லை. தன் இடுப்பு வலிக்கு வைத்திருந்த மாத்திரையைப் பொடித்து, கசப்பு தெரியாமல் சுக்கும் கருப்பட்டியும் தூக்கலாகப் போட்டு, கட்டனில் கலக்கிக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து துணி துவைக்கப் போய்விட்டாள்.

"எம் புருசன் போட்ட கட்டன்டி! மாத்திரையாவது மண்ணாவது!" என்று காடு பூராவும் சொன்னாள். பெண்கள் பக்குவம் கேட்டு வந்தார்கள். பாவி மனுஷன், தினமும் பொடித்தான்.

ஊசி நாள் வந்தது.

"மாத்திரை ஒண்ணும் எடுக்கலல்லோ?" என்று ஜோமோள் கேட்டார்.

"சத்தியமா இல்ல டாக்டரம்மா. எல்லாம் இவரு கைப்பக்குவந்தான்." ராமுத்தாய் அவனைப் பார்த்தாள். அப்படி ஒரு பெருமையோடு அவள் அவனைப் பார்த்து எத்தனை வருஷமாயிற்று!

நர்ஸ் அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். வாயைத் திறக்காவிட்டால் அவன் ராஜா. ஆனால் ஊசி வீணாய்ப்போனால் அவள் கால்?

"நிறுத்துங்கம்மா! கட்டன்ல நாந்தான் மாத்திரையப் பொடிச்சுப் போட்டேன்."

ஜோமோள் தலையில் கை வைத்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்.

வழி நெடுக ராமுத்தாய் அவன் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. இதற்கு அவள் நாலு அடி அடித்திருக்கலாம் என்றிருந்தது அவனுக்கு. வீட்டுக்குள் நுழைந்ததும் கையை நீட்டினாள்.

"எங்கய்யா அந்த மாத்திர?"

கொடுத்தான். முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எனக்கில்லேன்னா ஒனக்கும் கெடையாது. ரெண்டு பேரும் கெடந்து முனங்குவோம்."

முனங்கினார்கள். அவள் எழுந்திருக்க அவன் கை கொடுத்தான், அவன் நிமிர அவள் இடுப்பைப் பிடித்துவிட்டாள். திட்டு மட்டும் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

மறுபடி போனபோது ஜோமோள் அவனைத்தான் முறைத்தார்.

"இந்தத் தடவ கட்டன் பூரா நாந்தான் போட்டேன் டாக்டரம்மா" என்றாள் ராமுத்தாய். ஊசி இறங்கியபோது அவன் விரல்களை நெரித்துவிட்டாள்.

வீடு வந்ததும் முட்டி விண்ணென்று தெறித்தது. இன்னும் சில நாளைக்கு மாத்திரை கூடாது. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, "ஏய்யா, ஒன் கையால ஒரு கட்டன் போட்டுக் குடு" என்றாள்.

அவன் திகைத்துப்போனான். "வெறும் சுக்குதான் இருக்கு புள்ள."

"தெரியும். போடு."

ஆற்றிக் கொடுத்தான். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"வலி குறையுதா?"

"ஒரு மண்ணும் குறையல" என்று காலி டம்ளரை அவனிடம் நீட்டினாள். "இன்னொண்ணு ஊத்து."