சின்னவன் மாட்டிக்கொண்டான்

திரையில் துளைப்பான் மோட்டாரின் எண் சிவப்பானதும் தலைவர் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். அவர் மட்டுமல்ல, கட்டுப்பாட்டு அறையில் இருந்த இருபத்திரண்டு பேரும் நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வலது பக்கத்துப் பல் வலிக்கிறதே என்று இடது பக்கமாக பிஸ்கட் மென்றுகொண்டிருந்தேன்.

"போதும்மா. இன்னிக்குமா? விளையாட்ட நிறுத்து" என்றார் தலைவர்.

"சார், நான் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. அந்த அலுவலகத்தில் என் வேலையே கெடுப்பதுதான். கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ஒரு கிரகத்தில் லேண்டரை இறக்கி, அதன் கையில் இருக்கும் துளைப்பானால் ஒரு மீட்டர் ஆழத்துக்குத் துளை போட வேண்டும். யாரும் கிட்டப் போய்த் தட்டிக்கொட்டிச் சரிசெய்ய முடியாது. அதனால் என்னென்ன தவறு நடக்கலாம் என்று யோசித்து, அதையெல்லாம் முன்கூட்டியே நடத்திக் காட்ட ஒரு ஆள் வேண்டும். மூன்று வருடம் நான் அதைத்தான் செய்தேன். பயிற்சி மண்ணுக்குள் யாருக்கும் தெரியாமல் செங்கல் புதைத்தேன். மோட்டார் கம்பியைப் பாதி அறுத்து வைத்தேன். லேண்டர் இறங்கிய பிறகும்கூட ஒருநாள், மேலிடத்து அனுமதியோடு, நிஜத் தகவலுக்குப் பதிலாக என் பொய்த் தகவலை ஓடவிட்டு இவர்களை இரண்டு மணி நேரம் தலைதெறிக்க ஓடவைத்தேன். வாசல் காவலாளி உட்பட எல்லாரும் என்னை வில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்ளும்போது முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு நான் சொன்ன வசனமும் இதேதான்: "சார், நான் இல்ல."

அன்றைக்கு நான் எழுந்து நின்று, என் அம்மா மேல் சத்தியம் செய்து, கடைசியில் அழவே ஆரம்பித்த பிறகுதான் நம்பினார்கள். அதற்குள் முப்பத்தைந்து நிமிடம் போயிருந்தது. கிரகத்தைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்தான் எங்கள் கட்டளையை லேண்டருக்குச் சேர்க்கும். எண் சிவப்பானபோது அது அடிவானத்தில் மறைவதற்கு நாற்பது நிமிடம் இருந்தது. அதற்குள் 'துளைப்பானை மேலே தூக்கு' என்ற ஒரே வரியை அனுப்பியிருக்கலாம். நாங்கள் அவசர அவசரமாக எழுதி, சரிபார்த்து, அனுப்பப் போனபோது செயற்கைக்கோள் போய்விட்டது. மோட்டார் திணறினால் நின்றுவிடு என்று நாங்களே சொல்லிக் கொடுத்திருந்த விதிப்படி, துளைப்பான் முப்பத்தொரு சென்டிமீட்டர் ஆழத்தில் அப்படியே நின்றது. அங்கே இரவில் உறைநிலைக்குக் கீழே தொண்ணூறு டிகிரி. அந்தக் குளிரில் ஒரு முழு இரவு அது மண்ணுக்குள் இருந்தது.

மறுநாள் அது சுற்றவில்லை. எதிர்ப்பக்கமும் சுற்றவில்லை. மேலே இழுத்துப் பார்த்தோம். துளைப்பான் வரவில்லை. அதற்குப் பதிலாக லேண்டர் முன்பக்கம் அமுங்கி, பின்னங்கால் இரண்டு மில்லிமீட்டர் எழும்பியது. இன்னும் பலமாக இழுத்தால் லேண்டரே குப்புற விழும். தலைவர் இழுப்பதை நிறுத்தச் சொன்னார். புழுதிக் காலம் தொடங்க நாற்பது நாள் இருந்தது. தொடங்கிவிட்டால் வெயில் குறையும், சோலார் தகடுகளுக்குத் தீனி கிடைக்காது, எல்லாம் முடிந்த கதைதான்.

அறையில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எத்தனையோ கெடுதல்களை யோசித்த நான் இந்த ஒன்றை யோசிக்கவில்லை. நான் அத்தனை முறை பொய் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த முப்பத்தைந்து நிமிடம் வீணாகியிருக்காது. இரண்டு பழியும் எனக்குத்தான் என்று நானே எடுத்துக்கொண்டேன். சாப்பாடு இறங்கவில்லை.

கிரகத்தில் இருப்பவனைப் பெரியவன் என்போம். அவனை அப்படியே அச்சடித்ததுபோல் இன்னொரு லேண்டர் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், மண் நிரப்பிய தொட்டிக்குள் நிற்கும். அவன் சின்னவன். பெரியவனை விடுவிக்கும் வழியைச் சின்னவனிடம் பழகிப் பார்த்துவிட்டுத்தான் மேலே அனுப்ப முடியும். ஆனால் விடுவிக்க வேண்டுமென்றால் முதலில் சின்னவன் மாட்ட வேண்டும். தலைவர் கீழே வந்து தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இவனையும் அதே மாதிரி கெடுத்துக் குடும்மா. உன்னால முடியாட்டி யாராலயும் முடியாது."

பத்து நாள் முயன்றேன். கல் வைத்தேன், களிமண் அடைத்தேன், முனையில் பல் உடைந்த துளைப்பானால் துளைத்தேன். சின்னவன் கொஞ்சம் முனகுவான், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் வெளியே வந்துவிடுவான். பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று வருத்தப்பட்ட ஒரே தாய் நானாகத்தான் இருப்பேன். பதினோராம் நாள் காலையில் என் வலது கன்னம் வீங்கி, கண் பாதி மூடிவிட்டது. அக்கா பல் டாக்டர். போனிலேயே என் குரலைக் கேட்டுவிட்டு, இன்னும் அரை மணி நேரத்தில் கிளினிக்குக்கு வராவிட்டால் அலுவலகத்துக்கே வந்து இழுத்துப் போவேன் என்றாள். செய்யக்கூடியவள்தான்.

"பெரிசா தெற. இவ்வளவு நாள் என்னடி பண்ணிட்டிருந்த?"

வாய்க்குள் இரண்டு குழாயையும் ஒரு கண்ணாடியையும் வைத்துவிட்டுக் கேள்வி கேட்பது அவளுடைய வழக்கம். நான் மேலே இருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். மரத்துப்போன பல்லில் அதிர்வு மட்டும் தெரிந்தது. வந்தது, நின்றது. தண்ணீர் பீய்ச்சினாள். மறுபடி வந்தது, இரண்டு விநாடியில் நின்றது. வேறு வேலை இல்லாததால் எண்ணத் தொடங்கினேன். எத்தனை முறை வைத்தாலும் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அவள் வைக்கவேயில்லை. கையைத் தூக்கினேன்.

"வலிக்குதா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு, குழாயை நானே வெளியே எடுத்தேன். "ஏன்க்கா எடுத்து எடுத்து வெக்கிற?" என்று கேட்டேன். உதடு மரத்திருந்ததால் அது எந்த மொழியிலும் இல்லை. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது.

"எடுக்காம அழுத்திட்டே இருந்தா சூடு ஏறிடும்டி. சூடு ஏறினா உள்ள பல்லு செத்துடும். ஓட்டை யாரு வேணா போடலாம். சூடாக்காம போடணும்."

நாங்கள் ஒன்பது நிமிடம் எடுக்காமல் துளைத்திருந்தோம். அந்த மண்ணில் உப்பும் உறைபனியும் கலந்திருக்கும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். முனையின் சூட்டில் அது கசிந்து பசையாகியிருக்கும். அதில்தான் மோட்டார் திணறியது. நின்ற பிறகு, இரவுக் குளிரில், அந்தப் பசை அப்படியே இறுகியிருக்கும். எங்கள் தொட்டி இருப்பதோ வெதுவெதுப்பான அறை. குளிரில் சோதித்துப் பார்ப்பதற்கு ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய குளிர்பெட்டி உண்டு. ஆனால் அது நாலு குழுக்களுக்குப் பொது என்பதால் எங்களுக்குத் தினமும் அரை நாள்தான். சாயங்காலம் துளைப்பானைப் பிடுங்கி, துடைத்து, இடத்தைக் காலிசெய்து கொடுத்துவிட்டுப் போவோம். மூன்று வருடத்தில் ஓர் இரவுகூட அது குளிரில் மண்ணுக்குள்ளேயே இருந்ததில்லை. நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினேன்.

"அடைக்காம எங்கடி ஓடுற! உக்காரு!" என்று அக்கா கத்தினாள். உட்கார்ந்தேன். அவள் அடைத்து முடித்த அந்தப் பத்து நிமிடம்தான் நாற்பது நாளில் மிக நீளமானது.

குளிர்பெட்டிக்குப் பொறுப்பானவர் முன்பதிவு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு என் வீங்கிய முகத்தைச் சந்தேகமாகப் பார்த்தார். "மூணு நாள் முழுசா வேணுமா? நீ என்னோட பெட்டிய ஏதோ பண்ணப்போற."

"பெட்டிய இல்ல சார். சின்னவன மட்டும்தான்."

என்ன நினைத்தாரோ, பேனாவை எடுத்து மற்ற மூன்று குழுக்களின் பெயரையும் அடித்தார். சின்னவனின் துளைப்பானை அவன் கையோடு சேர்த்துக் கழற்றிப் பெட்டிக்குள் மாட்டினோம். உப்பும் பனியும் கலந்த மண்ணில் ஒன்பது நிமிடம் துளைத்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். முதல் இரண்டு முறை உப்பு போதவில்லை. மூன்றாவது காலையில் சுற்றச் சொன்னேன். சுற்றவில்லை. எதிர்ப்பக்கம் சொன்னேன். அசையவில்லை. மோட்டார் திணறியதைக் காட்டும் வரைபடக் கோட்டைத் தாளில் அச்சடித்து, பெரியவனின் கோட்டோடு சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் தலைவர். ஒன்றின் மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியது.

"மாட்டிக்கிட்டான்!" என்று நான் கூவினேன். மொத்த அலுவலகமும் கீழ்த்தளத்துக்கு ஓடிவந்து கைதட்டியது. ஒரு இயந்திரம் கெட்டுப்போனதற்கு அத்தனை பேர் கட்டிப்பிடித்துக்கொண்டதை நான் அன்றுதான் பார்த்தேன். தலைவர் மட்டும் தள்ளி நின்று, கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தார்.

"அன்னிக்கு நீ சொன்னத நம்பியிருக்கணும்மா."

"என்ன நம்பக் கூடாதுன்னுதானே சார் என்ன வேலைக்கு வெச்சீங்க."

அவர் சிரித்தார். எனக்கும் பதினைந்து நாளுக்குப் பிறகு பசித்தது.

மாட்டியவனை விடுவிக்க இன்னும் ஆறு நாள் ஆயிற்று. சுற்றக் கூடாது, இழுக்கக் கூடாது. துளைப்பானுக்குள் ஒரு குட்டிச் சுத்தியல் உண்டு. அதை மட்டும் தட்டவிட்டோம். தட்டத் தட்ட முனையில் சூடு ஊறும். நாலு தட்டு, கொஞ்சம் ஓய்வு, மறுபடி நாலு தட்டு. எந்தச் சூடு மாட்டிவிட்டதோ அதே சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, பசை இளகும் கணத்தில் எதிர்ப்பக்கம் சுற்றினால், இறுகுவதற்குள் வெளியே வந்துவிடலாம். பெட்டிக்குள் மூன்றரை மணி நேரத்தில் வந்தது. இரண்டாம் முறையும் வந்தது. மூன்றாம் முறை வேண்டாம், அனுப்பிவிடலாம் என்றார் தலைவர்.

இருபத்திரண்டாம் நாள், கிரகத்தில் உச்சிவெயில் அடிக்கும் நேரத்துக்குக் கட்டளையை எழுதி அனுப்பினோம். நாலு மணி நேரம் ஒன்றும் வராது என்று தெரிந்தும் யாரும் நாற்காலியைவிட்டு எழவில்லை. எண்கள் வரத் தொடங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். சுற்று ஒன்று. சுற்று இரண்டு. ஆழம் முப்பத்தொன்றிலிருந்து முப்பது, இருபத்தாறு, பதினேழு. பூஜ்ஜியம் வந்ததும் எழுந்த கூச்சலில் எனக்குக் காது அடைத்தது. நான் மேசைமேல் கவிழ்ந்து வாய்விட்டு அழுதேன். இந்த முறை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அதற்குப் பிறகு துளைத்ததெல்லாம் அக்காவின் முறையில்தான். பத்து விநாடி தொடு, தூக்கு, துடை, ஆறவிடு. அந்தக் கட்டளை வரிசைக்கு யாரோ 'பல் டாக்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாளைக்கு ஆறு சென்டிமீட்டர், சில நாள் எட்டு. ஒருமுறைகூடத் திணறவில்லை. முப்பத்துநாலாம் நாள் ஆழம் நூறைத் தொட்டது. துளைப்பானை மேலே தூக்கி ஒதுக்கி வைத்துவிட்டு, கேமராவைத் துளைக்கு நேர் மேலே கொண்டுபோய் ஒரு படம் எடுக்கச் சொன்னோம்.

படம் பெரிய திரையில் மேலிருந்து கீழாக, பட்டை பட்டையாக வந்தது. முதலில் செம்மண் நிறத்தில் வெறும் தரை. பிறகு துளையைச் சுற்றிக் குவிந்திருந்த, இன்னும் கறுப்பான, அடியிலிருந்து வந்த மண். அதன் நடுவே விளிம்பு சிதையாத ஒரு வட்டம். வெயில் சாய்வாக விழுந்ததால் வட்டத்தின் ஒரு பக்கச் சுவர் கொஞ்ச தூரம் வரை பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே இருட்டு. தட்டையான திரைக்குள் எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அடி தெரியாது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் தலைவர் முன்வரிசையில் நாற்காலியைவிட்டு எழுந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மெல்லத் தலையைச் சாய்த்தார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து, முன்னால் இருப்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, அந்தத் துளைக்குள் குனிந்தோம்.