தாராபுரம் ரோட்டில் ஒரு ஒயிட் பிரிண்ட்

என் மனைவி சத்யப்பிரியா ரோட்டைக் கடக்கப் பத்தொன்பது விநாடி ஆகிறது. பனியன் துணிக்குப் படம் அடிக்கும் எங்கள் பிரிண்டிங் யூனிட் ஜன்னலில் நின்று செல்போனில் அளந்து வைத்திருக்கிறேன். தாராபுரம் ரோட்டில் ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவே கிடைக்கிற இடைவெளி, நல்ல நாளில், ஏழு விநாடி. மீதிப் பன்னிரண்டுக்கு முருகப்பெருமான்தான் பொறுப்பு. அவரும் எத்தனை பேரைத்தான் பார்ப்பார்.

கார்த்திகை மாதம் ஒரு சாயந்தரம், வேலை முடிந்து வந்தவளை ஒரு பைக்காரன் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போனான். தொடை எலும்பில் பிளேட் வைத்தார்கள். நான்கு மாதம் கட்டிலிலேயே கிடந்தாள். பங்குனியில் மறுபடி வேலைக்குப் போகிறேன் என்று எழுந்துவிட்டாள். அவள் செக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனி ரோட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் வீடும் என் யூனிட்டும் இந்தப் பக்கம். காலையில் ஒரு முறை, மத்தியானம் சோற்றுக்கு வந்து போக இரண்டு, சாயந்தரம் ஒன்று. நான்கு தடவையும் நான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். பால்வாடிப் பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வந்தாச்சு என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்களாம். அவளுக்கு அவமானமாக இருந்தது.

"நீங்க வராட்டியும் நான் நின்னு பார்த்து வந்துக்குவனுங்க."

"அன்னைக்கும் நின்னு பார்த்துத்தான வந்தே?"

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

எனக்கோ பிரிண்ட் டேபிளில் நிற்கவே முடியவில்லை. பன்னிரண்டே முக்கால் ஆனால் செல்போனை எடுத்து எடுத்து மணி பார்ப்பேன். ஹாரன் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடுவேன். ஒரு நாள் குழந்தைகள் டி-ஷர்ட் ஒன்றில் யானைக்குத் தும்பிக்கை தனியாக, தலை தனியாக விழுந்துவிட்டது. முதலாளி மகுடேஸ்வரன் ஒரு பீஸை எடுத்து விரித்துப் பார்த்தார். "ஏனுங்க அருளு, உங்க கண்ணு டேபிள்ல இருக்குதுங்களா, ரோட்டுல இருக்குதுங்களா?" என்றார்.

ரோட்டைக் கடக்க வெள்ளைக்கோடு போடச் சொல்லி மனுவும் கொடுத்துப் பார்த்தேன். ஒரு ஆபீஸில், "இந்த ரோடு எங்களுதில்லீங்க" என்றார்கள். அவர்கள் கைகாட்டிய ஆபீஸில், "வந்து பார்க்கறமுங்க" என்றார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. எங்கள் பக்கம் முடியாது என்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வோம்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. கறுப்புத் துணியின் மேல் வெள்ளை அடிப்பதில் திருப்பூரிலேயே என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்வார்கள். பெரும்பாலும் சொல்வது நான்தான். ரோடும் கறுப்புத்தானே?

சித்திரை இரண்டாவது ஞாயிறு. விடிந்தும் விடியாத நேரம், ரோட்டில் வண்டியே இல்லை. டேபிளில் எனக்கு எதிர்ப்பக்கம் நின்று பிரிண்ட் இழுக்கும் பூபாலன் அட்டைப்பெட்டிகளை இரண்டு பக்கமும் அடுக்கி மறைப்புக் கட்டினான். யூனிட்டிலிருந்து துணிக்கு அடிக்கிற ஒயிட் பேஸ்ட் இரண்டு டிரம் உருட்டி வந்தோம்.

"அண்ணா, ரோட்டுக்குன்னே பெயின்ட் விக்குதுங்க. அதை வாங்கிக்கலாமுங்க."

"அது ஒரு மாசத்துல பழுப்படிச்சுப் போயிரும். நம்ம வெள்ளை மாதிரி வருமா?"

"க்யூரிங் பண்ணாம நிக்குங்களா?"

"சித்திரை வெயிலுக்குத் தாரே கொதிக்குது. இதுக்கு மேல என்னடா க்யூரிங்?"

எங்கள் பேஸ்ட் நிழலிலேயே காய்ந்துவிடும். ஆனால் நூற்றைம்பது டிகிரி சூட்டில் ஓடும் மெஷினுக்குள் போய் வந்தால்தான் துணியைப் பிடித்துக்கொள்ளும்; அதுதான் க்யூரிங். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே கழன்றுவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நூல் பிடித்த மாதிரி பதினோரு பட்டை விழுந்ததைப் பார்த்தபோது மனசு அதைக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. பஸ்காரர் ஒருவர் நின்றே விட்டார். மத்தியானம் நான் கிளம்புவதற்குள் சத்யப்பிரியா தனியாகவே வந்து யூனிட் வாசலில் நின்றாள்.

"பார்த்தீங்களா, கவருமென்ட்டுல கோடு போட்டுட்டாங்க. இனி நீங்க வர வேண்டாமுங்க."

ஐந்து மாதமாக அவள் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை. அதை எப்படிக் கெடுப்பது? அதற்குப் பிறகு ஜன்னலில் நின்று பார்த்தால் முன்னைவிடப் பயமாக இருந்தது. முன்பெல்லாம் கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். இப்போது கோட்டைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் மற்ற பெண்களும் அப்படியே வந்தார்கள். புதன்கிழமை, சக்கரம் ஓடுகிற இடத்தில் வெள்ளை உதிர ஆரம்பித்தது. அன்றைக்கே போய் ரோட்டு பெயின்ட் வாங்கி டேபிளுக்கு அடியில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அடித்துவிடலாம், அப்புறம் எதையும் சொல்லவே வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காற்றுக் கிளம்பியது. முதல் துளி தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டதுமே ஓடினேன். ரோட்டோரம் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. என் பதினோரு பட்டையும் திரிந்த பால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் அவள் தலைக்கு மேல் ஒரு பாலிதீன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள்.

"பிரியா, எறங்காத! நில்லு!"

நான் கத்தியது மழையில் எனக்கே கேட்கவில்லை. அவள் இறங்கிவிட்டாள். வண்டிகளைப் பார்க்கவில்லை, பழகிய இடத்தில் பழகியபடி நடந்தாள். நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ரோட்டுக்குள் பாய்ந்தேன். ஒரு கார் வழுக்கி, எனக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. ஒரு பைக் என்னைத் திட்டிக்கொண்டே வளைந்து போனது.

நடு ரோட்டில் அவள் நின்றாள். காலைச் சுற்றி ஓடும் வெள்ளையைப் பார்த்தாள். பிளேட் வைத்த காலைத் தள்ளி வைத்து, மெதுவாகக் குனிந்து, மிச்சமிருந்த ஒரு பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். செக்கிங்கில் பிரிண்ட் நிற்குமா என்று அப்படித்தான் பார்ப்பார்கள். விரலோடு உள்ளங்கையும் வெள்ளையானது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பதினாறு வருடமாக என் சட்டைகளில் அவள் துவைக்கிற வாசனை அது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"க்யூரிங் ஆகலீங்களே," என்றாள்.

நான் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. தாராபுரத்துப் பக்கமிருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அதன் பக்கம் திரும்பி, அந்த வெள்ளைக் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். லாரி ஹாரன் அடித்தபடியே வேகத்தைக் குறைத்தது. அது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கையை இறக்கவில்லை. மழையில் வெள்ளை கரைந்து, மணிக்கட்டு வழியாக அவளுடைய வளையல்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.