கடப்பாக்கத்துப் பனிமலை

குளிருக்கும் தேசிகனுக்கும் ஆகவே ஆகாது. செங்கல்பட்டில் தார் ரோடு இளகி செருப்பைப் பிடித்து இழுக்கிற சித்திரை வெயிலில்கூட வெந்நீர் போடாமல் அவர் குளித்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் 1997 மே மாதம் ஸ்பிட்டிக்குப் போய் வந்தார் என்றால், அதற்கு ஒரே காரணம் அவருடைய மனைவி வத்சலா.

ஸ்பிட்டி என்பது இமயமலைக்கு நடுவே கிடக்கிற ஒரு மொட்டைப் பள்ளத்தாக்கு. மரம் கிடையாது, மட்டை கிடையாது, பாறையும் பனியும்தான். பல் டாக்டர் வீட்டில் காத்திருந்தபோது ஏதோ பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்த வத்சலாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. பதினோரு வருஷம் படங்களாகக் கத்தரித்துச் சேர்த்தாள். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பயணம் ஏற்பாடு செய்தபோது, பூகோள வாத்தியார் தேசிகனைக் கேட்காமலே இரண்டு இடம் சொல்லி வைத்தாள். புறப்பட பத்து நாள் இருக்கும்போது டாக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். உங்களுக்கு இருக்கிற ஆஸ்துமாவுக்கு அந்த உயரத்தில் மூச்சு நின்றுவிடும், ஆசையை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

வத்சலா வீட்டுக்கு வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தவள் சொன்னாள்:

"நீங்க போயிட்டு வாங்கோ. எனக்கும் சேத்துப் பாத்துண்டு வாங்கோ."

கையோடு ஒரு பட்டியலும் கொடுத்தாள். ஃபிலிம் ரோலில் முப்பத்தாறு படம் என்பதால் முப்பத்தாறு எண். ஐந்து, வளைந்து ஓடும் ஆறு. ஒன்பது, பிட்சு ஒருவர். பதினாலு, முதுகில் கூடை சுமக்கும் பெண். இருபத்திரண்டு, யாக் எருமை. இப்படி முப்பத்தைந்து வரைக்கும் எழுதியிருந்தாள். முப்பத்தாறு மட்டும் காலி. அது நீங்களாகப் பார்த்து எடுக்க வேண்டியது என்றாள்.

இங்கேதான் நம் ஆள் புத்தியைக் காட்டினார். அந்தக் காலத்தில் முப்பத்தாறு ரோலில் முப்பத்தெட்டு படம் எடுத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் ஊருக்கு ஒரு பெருமை இருந்தது. டப்பாவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஃபிலிமின் நாக்கை நன்றாக இழுத்து எதிர்ப்பக்கத்துச் சக்கரத்தில் மாட்டினால் முதல் இரண்டு படம் வீணாகும். நாக்கின் நுனியை மட்டும் இருட்டில் தொட்டும் தொடாமலும் மாட்டினால் அந்த இரண்டும் லாபம். ஸ்டூடியோ வைத்திருந்த சாம், நானே மாட்டித் தருகிறேன் சார் என்று கெஞ்சினான். தேசிகன் கேட்டால்தானே. வீட்டில் கட்டில்மேல் உட்கார்ந்து, இரண்டு கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து மாட்டினார். தொட்டும் தொடாமலும்தான் மாட்டினார்.

ஸ்பிட்டியில் பன்னிரண்டு நாள் இருந்தார். பார்த்தது என்ன என்று கேட்டால் பட்டியல், கேமராக் கண்ணாடி, மறுபடி பட்டியல். மூச்சுக்காற்றில் மூக்குக்கண்ணாடி வேறு ஓயாமல் மங்கியது. அதோ பாறைமேல் காட்டு ஆடு என்று கூட வந்தவர்கள் கத்தியபோது, பட்டியலில் ஆடு இல்லை என்று குனிந்தபடியே சொன்னாராம். முப்பத்தைந்துக்கும் டிக் போட்ட பிறகு, எண்ணிக்கை காட்டுகிற சக்கரம் இன்னும் இடம் கொடுக்கவே, பஸ்ஸையும் டிரைவரையும் டீக்கடையையும் எடுத்தார். முப்பத்தெட்டு! சண்டிகர் வரைக்கும் அந்தச் சக்கரத்தை எல்லோருக்கும் காட்டிக்கொண்டே வந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் சாம் இருட்டறையிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"இன்னா சார் இது? ரோலு புதுசா வாங்குன மாரியே கீது. ஒண்ணுகூட நவரல."

நாக்கு நழுவி ஃபிலிம் தன் டப்பாவுக்குள்ளேயே சுகமாக இருந்திருக்கிறது. சக்கரம் மட்டும் கடமை தவறாமல் சுற்றியிருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குப் போனார். கூடத்தில் வத்சலா புது ஆல்பத்தை விரித்து வைத்து, பக்கத்துக்குப் பக்கம் எண் எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒன்று முதல் முப்பத்தாறு வரை. அதைப் பார்த்த மனிதருக்கு வாயில் உண்மை வருமா? ஸ்டூடியோவில் படம் கழுவுகிற மருந்து தீர்ந்துவிட்டது, பத்து நாள் ஆகும் என்று உளறினார்.

கூட வந்த வாசுதேவன் வாத்தியாரிடம் படம் கடன் வாங்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். தேசிகனும் கேட்டார். வாசுதேவன் எடுத்த அத்தனை படத்திலும் அவர் மனைவி பிரபாவதியே இமயமலையை மறைத்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் சாம்தான் யோசனை சொன்னான். அவனுடைய பெரியப்பா கருப்பனுக்குக் கடப்பாக்கம் பக்கத்தில் உப்பளத்தில் மேஸ்திரி வேலை. மே மாதம் உப்பு வாரும் காலம், ஆள் உயரத்துக்கு மேலே வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருப்பார்கள். கிட்டே வைத்து எடுத்தால் மலை. தேசிகன் முதலில் காதைப் பொத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்வெட்டர், சால்வை, மங்கி குல்லா சகிதம் சாமின் ஸ்கூட்டர் பின்னால் ஏறி, செய்யூர் வழியாகப் போய்ச் சேர்ந்தார்.

உப்பளமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. கால்வாய் ஆறாயிற்று. பக்கத்திலிருந்த ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த செங்கல் சுவர் மடாலயமாயிற்று. காவித் துண்டு போர்த்தி பிட்சுவான கருப்பன், மீசையை மட்டும் எடுக்க முடியாது என்று ஒரே பிடியாக நின்றதால் முதுகைக் காட்டி உட்கார வைத்தார்கள். அவர் மனைவி செல்லம்மாவிடம் கூடையை முதுகில் மாட்டச் சொன்னபோது அந்த அம்மாளுக்குக் கோபமே வந்துவிட்டது. தலை என்று ஒன்று இருக்கும்போது எந்த மடச்சியாவது முதுகில் சுமப்பாளா என்று சண்டை பிடித்துவிட்டுத்தான் மாட்டினாள். யாக் வேஷத்துக்குக் கறுப்புக் கம்பளி போர்த்திய எருமை, கம்பளியோடு கால்வாயில் இறங்கிப் படுத்துக்கொண்டது. வெயில் குளிராக விழ வேண்டும் என்று சாம் கேமராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடித் தாளைக் கட்டினான்.

போய் வந்ததற்குச் சாட்சியாக ஒவ்வொரு படத்திலும் ஓர் ஓரத்தில் தேசிகன் ஸ்வெட்டரோடு நடுங்க வேண்டும். முப்பத்தைந்தாவதில் நிஜமாகவே நடுங்கி, கண் இருட்டி, உப்பிலேயே சரிந்தார். குல்லாவைக் கழற்றி மோர் புகட்டிய கருப்பன் பக்கத்தில் குந்தினார்.

"அங்கயும் இப்டியேதான் கீதா சார்?"

தேசிகன் வாயைத் திறந்தார். ஆறு என்ன நிறம்? அந்தப் பெண் சிரித்தாளா? யோசித்து யோசித்துப் பார்த்தார்.

"நான் சரியாப் பாக்கலப்பா" என்றார். சொன்னதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஐம்பத்திரண்டு வயது மனிதர், உப்புக் குவியலில் சாய்ந்து குழந்தைபோல அழுதார். முப்பத்தாறாவது படத்தை எடுக்கவே இல்லை.

புதன்கிழமை படங்கள் வந்தன. வத்சலா ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெகுநேரம் பார்த்தாள். பதினாலாம் எண்ணில் நிறுத்தினாள்.

"பனியில வெறுங்காலோட நிக்கறாளே. குளிராதோ இவளுக்கு?"

பழகிப்போயிருக்கும் என்றார் தேசிகன். அவள் தலையாட்டிவிட்டு மேலே புரட்டினாள். முப்பத்தைந்தும் முடிந்ததும் ஆல்பத்தை மூடினாள்.

"ஏன்னா, ஞாயித்துக்கிழமை ராத்திரி உங்க ஸ்வெட்டரை நனைச்சேன். பக்கெட் தண்ணி கடல் தண்ணியாட்டம் கரிச்சுது. இமயமலைல எப்போ உப்பு விளைய ஆரம்பிச்சுது?"

தேசிகன் எல்லாவற்றையும் சொன்னார். கம்பளிக்குள் ஃபிலிம் மாட்டியது, மருந்து தீர்ந்த கதை, எருமை, மீசை. அங்கே பன்னிரண்டு நாள் இருந்தும் ஒன்றையும் பார்க்காமல் வந்ததை மட்டும் இரண்டு முறை சொன்னார். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தார். அவள் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, காலியாக இருந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

"இந்த மலைக்குப் போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லலையே?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடப்பாக்கத்தில் மறுபடியும் வேலை நின்றது. வத்சலா ஸ்வெட்டரும் சால்வையும் மங்கி குல்லாவுமாக, செல்லம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உப்புக் குவியலில் ஏறினாள். உப்பு சரிந்தது. நின்றாள், மறுபடி ஏறினாள். கருப்பன் கீழே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தயாராக நின்றார். உச்சியில் போய் நின்றபோது அவள் முகமெல்லாம் வியர்வை. அங்கிருந்து பார்த்தால் கால்வாயும், சவுக்குத் தோப்பும், அதற்கு அப்பால் கடலும் தெரியும்.

சாம் மாட்டிக் கொடுத்த கேமராவோடு தேசிகன் கீழே நின்றார். எடுக்கட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார்.

"அவசரப்படாதேங்கோ" என்றாள் வத்சலா. "மூச்சு வாங்காம மலை ஏறியிருக்கேன். செத்த நேரம் நின்னு பாத்துட்டுச் சொல்றேன்."